வன்தட்டும் வரம்பும் விதைநெல்லும்

தமிழாசிரியன் ஒருவன் கணினியைப் பற்றி எழுதப் புகுதல் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மலர்க் குழுவினர் என்னிடம் வேண்டியதும் இலக்கியக் கட்டுரையே. ஆயினும், இம்மலருக்கெனப் பழைய மாணவர்களிடம் ஒளிப்படங்களும் நினைவுக் குறிப்புகளும் கேட்டு எழுதியபோது, "படங்கள் கணினியில் இருந்தன, கணினியைத் திருத்தக் கொடுத்தோம், திரும்பி வந்தபோது கணினி இருந்தது, படங்கள் இல்லை" என்னும் விடை ஒன்றல்ல, மூன்று முறை வந்தது. அவ்விடைகளைப் படித்தபின் இலக்கியத்தைப் பிறிதொரு மலருக்கு ஒத்திவைத்து, இதனை எழுதத் துணிந்தேன். இப்பொருளில் யான் பட்டறிந்தவன் என்பதும் ஒரு காரணம். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அதன் நிறுவனம் வழங்கிவந்த பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. அதனால் நம்மூர்க் கணினிகள் பலவற்றிற் பழைய முறைமையை நீக்கிப் புதியதை இடும் வேலை நடந்து வருகின்றது. வன்தட்டின் பிரிவுகள் தவறுதலாக அழிக்கப்படுவது பெரும்பாலும் இவ்வேலையின் போதே. ஆகவே, வன்தட்டின் பிரிவு யாது, அதனை எங்ஙனம் வகுப்பது, அதனால் விளையும் நன்மை எது, விளையாத நன்மை எது என்பவற்றை மாணவருக்குப் பாடஞ் சொல்லும் முறையிலேயே ஈண்டுக் கூறுவேன்.

வன்தட்டு யாது?

வன்தட்டு கணினியின் களஞ்சியம். கணினி வேலைசெய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம் மின் நின்றவுடன் வெறுமையாகிவிடும். வன்தட்டில் எழுதப்பட்டவை மின் நின்றபின்னும் நிலைத்திருக்கும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஒரே தண்டிற் கோக்கப்பட்டிருந்தன. அத்துணைப் பெரிய பொறியில் அடங்கியவை ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒளிப்படம் ஒன்றிரண்டே அவ்விடத்தை நிரப்பிவிடும். 1983ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் எக்ஸ்.ரீ. என்னும் தனியாள் கணினி 10 மெகாபைற் கொள்ளளவுள்ள வன்தட்டுடன் விற்பனைக்கு வந்தது. அக்கணினியுடன் வந்த டொஸ் இரண்டாம் பதிப்பிலேயே தட்டைப் பிரிக்கும் கருவியும் இருந்தது. ஒரே தட்டில் வெவ்வேறு பணிசெயல் முறைமைகளைத் தனித்தனியே இருத்துதற்கு அது வேண்டியதாயிற்று.

இக்காலத்துக் கணினிகள் பலவற்றிற் சுழலும் தட்டு இல்லை. அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் அசையாச் சேமிப்பகம் உண்டு. உள்ளமைப்பு வேறாயினும், பிரித்தலைப் பொறுத்தவரை இரண்டிற்கும் முறை ஒன்றே. ஆதலின் இரண்டையும் இக்கட்டுரையில் வன்தட்டு என்றே குறிப்பிடுகின்றேன்.

இங்கே மாணவர் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்றைத் தீர்த்துச் செல்வோம். 500 கிகாபைற் எனக் கூறி விற்கப்பட்ட தட்டு, விண்டோசில் 465 எனக் காட்டுவது ஏன்? கடைக்காரர் ஏமாற்றினாரல்லர். தட்டைச் செய்வோர் ஆயிரம், பத்திலட்சம், நூறுகோடி எனப் பத்தின் அடுக்கில் எண்ணுகின்றனர். விண்டோஸ் 1024இன் அடுக்கில் எண்ணுகின்றது. அளந்த நெல் ஒன்றே. அளந்த கொத்துகள் இரண்டு. அவ்வாறே ஒரு ரெராபைற் தட்டு 931 கிகாபைற் எனத் தோன்றும்.

பிரிவு யாது?

இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயலுடைய கமக்காரர் அதனை ஒரே பரப்பாக விட்டுவைப்பதில்லை. நிலத்தின் மேடுபள்ளம் நோக்கி வரம்புகள் கட்டிப் பல துண்டுகளாக வகுக்கின்றார். வரம்பு கட்டியதால் நிலம் ஓர் அடியும் கூடிவிடாது. ஆனால், ஒரு துண்டில் நீரை வடிக்கும்போது அடுத்த துண்டில் நீர் நிற்கும். ஒன்றை மீண்டும் உழ நேர்ந்தால் மற்றையதிலுள்ள பயிர் மிதிபடாது. வன்தட்டின் பிரிவும் இத்தகையதே. பருப்பொருளாகிய தட்டு ஒன்று. அதனைக் கணினி இரண்டாகவோ மூன்றாகவோ கருதி, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆளுகின்றது. 'சி' என்றும் 'டி' என்றும் திரையில் நாம் காண்பவை இவையே. 'ஏ', 'பி' என்னும் எழுத்துகள் முற்காலத்து நெகிழ்தட்டுகளுக்கு உரியனவாக இருந்தமையால், வன்தட்டின் கணக்கு 'சி'யிலிருந்து தொடங்குகின்றது.

தமிழ் மாணவருக்கு வேறோர் உவமையும் பொருந்தும். தொல்காப்பியம் ஒரு நூல். அது மூன்று அதிகாரங்களாகவும், அதிகாரம் ஒவ்வொன்றும் ஒன்பது இயல்களாகவும் வகுக்கப்பட்டுள்ளது. நூல் முழுவதையும் வன்தட்டு எனக் கொண்டால், அதிகாரம் பிரிவு, இயல் கோப்புறை, நூற்பா கோப்பு. எழுத்ததிகாரத்தைக் கற்பிக்கும்போது பொருளதிகாரத்தை நாம் தொடுவதில்லை. ஆயினும் மூன்றும் ஒரே கட்டில் உள்ளவை. இவ்விறுதி வாக்கியத்தை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

எந்தப் பிரிவு எங்கே தொடங்குகின்றது, எத்துணை நீளமுடையது என்பதைக் கணினி எங்ஙனம் அறிகின்றது? காணிக்கு உறுதி இருப்பதுபோலத் தட்டின் தொடக்கத்தில் ஒரு பிரிவுப் பட்டியல் உண்டு. பழைய முறையாகிய எம்.பி.ஆர். அமைப்பில், தட்டின் முதல் 512 பைற்றுகளுக்குள் 64 பைற்றுகள் இப்பட்டியலுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு பிரிவுக்கு 16 பைற்றாக நான்கு பிரிவுகளே அதில் எழுத முடியும். மேலும் வேண்டுமெனின், நான்கில் ஒன்றை விரிபிரிவு ஆக்கி, அதனுள் உட்பிரிவுகளை அமைத்தல் வேண்டும். ஏறத்தாழ இரண்டு ரெராபைற்றுக்கு மேற்பட்ட இடத்தை வழக்கமான தட்டுகளில் இவ்வமைப்பு ஆளமாட்டாது. இவற்றையெல்லாம் விட நாம் கருதவேண்டியது யாதெனில், தட்டு முழுவதன் உறுதியும் 64 பைற்றுகளிலே, அஃதாவது 64 ஆங்கில எழுத்துகள் கொள்ளும் இடத்திலே, அடங்கியுள்ளமையே. அவ்விடம் சிதைந்தால், கோப்புகள் யாவும் தட்டில் அப்படியே இருக்கவும், கணினி தட்டை வெறுமை என்று கூறிவிடும்.

புதிய அமைப்பு ஜி.பி.ரீ. எனப்படும். விண்டோசில் இவ்வமைப்பு 128 பிரிவுகள் வரை இடந்தருகின்றது; மிகப் பெரிய தட்டுகளையும் ஆளுகின்றது. இதன் தலையாய சிறப்பு வேறு. பட்டியலின் இரண்டாம் படியொன்று தட்டின் மறுமுனையில் எழுதப்படுகின்றது. முன்னுள்ளது சிதைந்தால் பின்னுள்ளதைக் கொண்டு அதனைச் செப்பஞ் செய்யலாம். விண்டோஸ் 11 வேண்டும் புதிய தொடக்க முறைக்கு இவ்வமைப்பே உரியது.

ஏன் பிரித்தல் வேண்டும்?

முதற் காரணம், பணிசெயல் முறைமையையும் நம்முடைய ஆக்கங்களையும் வேறுபடுத்தி வைத்தல். முறைமை பழுதடையும், நச்சுநிரல் புகும், அதனை அழித்து மீண்டும் இடநேரும். 'சி'யில் முறைமையும் மென்பொருள்களும், 'டி'யில் நம் எழுத்து, படம், ஒலிப்பதிவு என்பனவும் இருப்பின், 'சி'யை மட்டும் அழித்துப் புதுக்கலாம். இரண்டாவது, ஒரு பிரிவு நிரம்பினாலும் மற்றையது நெருக்கடிக்கு உள்ளாகாது. மூன்றாவது, விண்டோசையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைக்க விரும்புவோருக்குப் பிரித்தலே வழி.

ஆயினும் எல்லாரும் பிரித்தல் வேண்டும் என்று யான் கூறமாட்டேன். கணினியிலுள்ளது 256 கிகாபைற் எஸ்.எஸ்.டி. ஆயின், அதனைக் கூறுபோடுதலிலும் கோப்புறைகளால் ஒழுங்கு செய்தலே நன்று. சிறு வயலில் வரம்பு மிகுந்தால் விதைக்க இடம் எங்கே? ஒன்று நிரம்பி வழிய, மற்றொன்று வெறிதே கிடக்கும். 500 கிகாபைற் தட்டாயின், 'சி'க்கு 150 முதல் 200 வரை விட்டு எஞ்சியதை 'டி' ஆக்குதல் தகும். எஸ்.எஸ்.டி.யைப் பிரிப்பதால் கணினி விரைவாக இயங்கும் என்று சிலர் கருதுவது பொருந்தாது.

பிரிக்கும் முறை

எதனைத் தொடங்கு முன்னும், இழக்கலாகாத கோப்புகளை வேறொரு தட்டிற் படியெடுத்துக் கொள்க. மடிக்கணினியாயின் மின்னேற்றி இணைந்திருத்தல் வேண்டும். மேசைக் கணினியாயின் யூ.பீ.எஸ். இருத்தல் நன்று. பிரிவை மாற்றும் வேலை நடுவில் மின்தடை நேர்தல் பெருங்கேடு. தட்டு பிற்லொக்கர் பூட்டினாற் காக்கப்பட்டதாயின், அதன் 48 இலக்க மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்க.

இனி, விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் ஒருங்கே அழுத்தினால் தோன்றும் பட்டியலில் 'டிஸ்க் மனேஜ்மென்ற்' என்பதைத் தெரிவு செய்க. தட்டும் அதன் பிரிவுகளும் வரைபடமாகத் தோன்றும். 'சி'யின் மீது வலப்பொத்தானை அழுத்தி 'ஷ்ரிங்க் வொலியூம்' என்பதைத் தெரிந்தால், எத்துணை சுருக்க வேண்டும் என வினவும். விடை மெகாபைற்றிற் கொடுத்தல் வேண்டும். 200 கிகாபைற் வேண்டின் 204800 என எழுதுக. சுருக்கியபின் எஞ்சும் இடம் 'ஒதுக்கப்படாதது' எனக் கருநிறப் பட்டையுடன் காணப்படும். இதனை வரம்பு கட்டாத தரிசு எனலாம். அதன்மீது வலப்பொத்தானை அழுத்தி 'நியூ சிம்பிள் வொலியூம்' என்பதைத் தெரிந்து, எழுத்தும் பெயரும் இட்டு, என்.ரீ.எப்.எஸ். முறையில் வடிவூட்டுக. பழைய பற்32 முறையில் 4 கிகாபைற் அளவை எட்டும் கோப்பு எதனையும் எழுத முடியாது. விழாக்களில் எடுத்த நீண்ட நிகழ்படம் பென் ட்ரைவில் ஏறாமைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இவ்வேலையில் நிகழும் இடர்கள் இரண்டு. வெற்றிடம் மிகுதியாக இருந்தும், குறித்த அளவுக்குமேற் சுருக்க இயலாது எனக் கணினி கூறுதல் ஒன்று. பிரிவின் நடுவே நகர்த்த முடியாத முறைமைக் கோப்புகள் சில கிடத்தலே அதன் காரணம். 'சி'யைப் பெருப்பிக்க முயலும்போது 'எக்ஸ்ரென்ட்' என்னும் கட்டளை மங்கித் தோன்றுதல் மற்றொன்று. ஒரு பிரிவை அதன் வலப்புறத்தே அடுத்துள்ள ஒதுக்கப்படாத இடத்திற்கே இக்கருவி விரிக்கும். இடையில் மீட்புப் பிரிவு போன்ற வேறொன்று இருந்தால் விரிக்காது. இடையில் அயலவரின் காணி இருக்க, அப்பாலுள்ள தரிசை நம் வயலுடன் சேர்க்க முடியுமா? பிரிவுகளை நகர்த்த ஜீபார்ட்டெட் போன்ற இலவச மென்பொருள்கள் உள. அவை வல்லவை, ஆதலின், பழகாதவர் துணையின்றித் தொடாதிருத்தல் நலம்.

பெயரில்லாத சிறு பிரிவுகள் வரைபடத்தில் இருக்கும். இடம் மிச்சமாகும் எனக் கருதி அவற்றை அழிக்கலாகாது. கணினி எழுந்து இயங்குவது அவற்றால். லினக்ஸ் உள்ள பிரிவை விண்டோஸ் படிக்க அறியாது, சிலவேளை "வடிவூட்டட்டுமா?" என்று வினவுதலும் உண்டு. "வேண்டாம்" என்பதே விடை.

யான் பட்ட பாடு

2017ஆம் ஆண்டு என் வீட்டுக் கணினியின் விண்டோஸ் பழுதாயிற்று. அதில் 500 கிகாபைற் தட்டு ஒன்று. 'சி', 'டி' என இரு பிரிவுகள். 'டி'யில் என் அன்னையாரின் குரல் இருந்தது. முள்ளியவளையிற் பிறந்த அவர், இளமையில் அரிவி வெட்டும்போது பெண்கள் பாடக் கேட்ட பாடல்களையும் தாலாட்டுகளையும், எங்கே எவர் பாடியவை என்னும் செய்தியோடு, எனக்குப் பாடிக் காட்டினார். மாலை வேளைகளிற் கைப்பேசியிற் பதிந்தவை 23. அவர் 2015இல் இறைவனடி சேர்ந்தார். அப்பாடல்களை எழுத்தில் வடித்து ஒரு சிறு நூலாக்க எண்ணியிருந்தேன். எண்ணியிருந்தேனேயன்றிச் செய்தேனல்லன்.

புதிய விண்டோசை இடும் திரை வந்தது. அதிலே 'சி', 'டி' என்னும் எழுத்துகள் இல்லை. பிரிவு 1, பிரிவு 2, பிரிவு 3 என எண்களே இருந்தன. யான் யாது செய்தேன்? ஆங்கில நெடுங்கணக்கில் 'சி' மூன்றாம் எழுத்து. ஆதலால் மூன்றாவதே 'சி' என முடிவு செய்தேன். உண்மையில் முதலாவது முறைமைக்குரிய 100 மெகாபைற் சிறு பிரிவு, இரண்டாவது 'சி', மூன்றாவதே 'டி'. பக்கத்திலே அளவுகள் எழுதப்பட்டிருந்தன. அவற்றை நோக்கியிருந்தால் அறிந்திருப்பேன். "இதிலுள்ளவை யாவும் அழியும்" என்னும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தது. மாணவர் வினாத்தாளைப் படியாது விடையெழுதுவதைப் பல்லாண்டு கண்டித்து வந்த யான், அவ்வெச்சரிக்கையைப் படியாது 'ஆம்' என்று அழுத்தினேன்.

கணினி புதிதாக எழுந்தது. 'டி'யைத் திறந்தேன், பழைய விண்டோசின் கோப்புறைகளே அதில் இருந்தன. அப்பொழுதுதான் செய்தது விளங்கிற்று. என்னிடம் படித்துக் கணினித் துறையில் வேலை செய்யும் இளைஞரொருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "சேர், உடனே நிப்பாட்டுங்கோ. இனி ஒண்டையும் எழுத விடாதேங்கோ" என்றார் அவர். அச்சொல்லே எனக்குக் கிடைத்த முதற் பாடம். விரைவு வடிவூட்டல் பட்டியலை மட்டுமே புதிதாக்குகின்றது. பழைய கோப்புகள், அவற்றின்மேல் வேறெதுவும் எழுதப்படும் வரை, தட்டிற் கிடக்கின்றன. ஆனால் யானோ அதன்மேல் ஒரு பணிசெயல் முறைமையையே எழுதிவிட்டேன்.

அவர் தட்டைக் கழற்றி, வேறு கணினியில் இணைத்து, கோப்பு மீட்கும் இலவச மென்பொருளொன்றால் இரண்டு நாள் தேடினார். 14 பதிவுகள் மீண்டன. பெயர்கள் இல்லை, நாள்கள் இல்லை, சில பாதியில் நின்றன. தாலாட்டொன்றில் அன்னையார் "பொறு, மறந்துபோனன்" என்று சொல்லிச் சிரிக்கும் இடத்தோடு ஒலி அறுந்துபோகின்றது. ஏனைய 9இல் 2 பதிவுகள் மட்டும் முழுமையாகப் பின்னர்க் கிடைத்தன. அவை தட்டிலிருந்து கிடைத்தவையல்ல. வவுனியாவில் இருக்கும் என் தங்கைக்கு முன்னொருநாள் அனுப்பியவை அவளுடைய கைப்பேசியில் இருந்தன. எஞ்சிய 7 பாடல்களும் இனி எங்கும் இல்லை.

ஆதலின், நண்பர்களே, முறைமையை மீள இடும்போது எண்ணை நம்பாதீர், அளவை நோக்குக. ஒவ்வொரு பிரிவின் அளவையும் முன்னரே தாளில் எழுதி வைத்திருங்கள். தட்டு இரண்டு உளவாயின், நம் ஆக்கங்கள் உள்ள தட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குக. கணினியைத் திருத்தக் கொடுக்கும்போது, "எதனை அழிக்கலாம், எதனைத் தொடலாகாது" என்பதைத் தாளில் எழுதிக் கையோடு கொடுங்கள். பிரிவொன்று தவறுதலாக அழிந்துபோயின், உடனே கணினியை நிறுத்துங்கள். பட்டியல் மட்டும் அழிந்திருப்பின், டெஸ்ற்டிஸ்க் என்னும் இலவச மென்பொருள், தட்டைத் துழாவிப் பழைய பிரிவின் எல்லைகளைக் கண்டு பட்டியலை மீள எழுத வல்லது. இழந்த கோப்பை மீட்கும்போது அதே தட்டில் மீட்டு எழுதலாகாது. வேறு தட்டில் எழுதுக.

வரம்பு வேறு, விதைநெல் வேறு

இனி, இக்கட்டுரையின் முடிந்த பொருளுக்கு வருவோம். 'சி'யில் உள்ளதை 'டி'யிலும் படியெடுத்து வைத்துவிட்டேன். ஆகவே பாதுகாப்பு என்று எண்ணுவோர் பலர். யானும் அவ்வாறு எண்ணியவனே. தட்டே பழுதுபட்டால் 'சி'யும் 'டி'யும் ஒருங்கே போகும். மின்னல் தாக்கினாலும், கணினி களவு போனாலும், வெள்ளம் புகுந்தாலும் அவ்வாறே. தொல்காப்பிய ஏட்டில் மூன்று அதிகாரங்கள் உண்டு, கட்டு ஒன்று. கட்டைச் செல் அரித்தால் மூன்று அதிகாரமும் போம்.

நம் கமக்காரர் இதனை நன்கறிவர். வரம்பு கட்டியதால் அவர் விதைநெல்லை வயலில் விட்டுவைப்பதில்லை. அடுத்த போகத்துக்குரிய நெல்லை வேறாக எடுத்துக் காயவிட்டு, மூடையிற் கட்டி, வீட்டின் உயர்ந்த இடத்தில் வைக்கின்றார். வரம்பு வேலையை எளிதாக்கும். வான் பாயும் வெள்ளத்தைத் தடுக்காது. 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுட் புகுந்ததை நாம் கண்டோம். அந்நீர் வரம்புக்கு இப்பால் அப்பால் என்று வேறுபாடு பார்க்கவில்லை.

பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்த வரலாறும் இதனையே கூறுகின்றது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885ஆம் ஆண்டிலும், கலித்தொகையை 1887ஆம் ஆண்டிலும் அச்சேற்றினார். எங்கெங்கோ கிடந்த ஏட்டுப் பிரதிகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கியே அவர் அப்பணியை முடித்தார். ஓரிடத்து ஏடு சிதைந்த பகுதி வேறோரிடத்து ஏட்டில் எஞ்சியிருந்தது. படிகள் பலவாய், இடங்கள் பலவாய் இருந்தமையாலேயே அந்நூல்கள் பிழைத்தன. இதற்கு மறுதலையும் நாம் அறிந்ததே. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திற் படியிருந்த நூல்களைத் திரும்பத் தேட முடிந்தது. படியில்லாத ஏடுகள் அன்றோடு போயின.

2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊரூராக இடம்பெயர்ந்தபோது பொலித்தீன் பையிற் சுற்றி எடுத்துச் சென்றவை பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு என்பனவே. அப்பையை இழந்தோர், தாம் இன்னார் எனக் காட்டுதற்குப் பின்னர் எத்தனை அலுவலகங்கள் ஏறியிறங்கினர் என்பதை இம்மலரைப் படிப்போருட் பலர் தம் வாழ்விலேயே அறிவர். ஒளிப்படம் ஒன்றுமின்றி எழுந்த வீடுகள் நம்மிடையே பல. எனவே, ஒன்றே ஒன்று வைத்திருத்தல் எத்துணை அச்சந் தருவது என்பதை வேறெவரும் நமக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை.

கணினித் துறையினர் இதற்குச் சுருக்கமான விதியொன்று கூறுவர்: படி மூன்று, ஊடகம் இரண்டு, அவற்றுள் ஒன்று வேறிடத்தில். கணினியில் ஒன்று, புறத்தே இணைக்கும் தட்டில் ஒன்று, உறவினர் வீட்டிலோ இணையக் களஞ்சியத்திலோ ஒன்று என வைத்தால் இவ்விதி நிறைவெய்தும். புறத்தட்டைக் கணினியோடு எந்நேரமும் இணைத்து வைக்கலாகாது. இணைத்து வைத்தால் ஒன்றுக்கு வரும் கேடு மற்றையதற்கும் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் படியைத் திறந்து, கோப்பு உண்மையிலே திறக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். முளைக்குமா என்று பார்க்காத விதைநெல் பயன்படாது.

ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் எண்ணிம வடிவிற் பேணும் நூலகம் என்னும் இணைய நூலகம் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அன்பர்கள் தம் வீட்டுப் பெட்டியிற் கிடந்த ஒற்றைப் பிரதியைக் கொடுத்து உதவியதால் அதில் ஏறிய மலர்கள் பல. தாமோதரம்பிள்ளை ஏடு தேடிய பணியின் தொடர்ச்சி இஃது எனல் மிகையன்று.

பழைய மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. நம் கல்லூரியின் பழைய குழுப்படம், பரிசளிப்பு விழா நிகழ்ச்சிநிரல், மறைந்த ஆசிரியரின் கையெழுத்து, அல்லது ஒரு பழைய மலர் உங்கள் கணினியில் இருக்குமாயின், அதன் படியொன்றைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். கனடாவிலோ இலண்டனிலோ உள்ளவர் நம் நூலகத்தின் படியொன்றைத் தம்மிடத்தே வைத்துக்கொள்க. இங்கு அழிந்தால் அங்கு இருக்கட்டும். அங்கு அழிந்தால் இங்கு இருக்கட்டும். மாணவர்களுக்குச் சொல்வது இன்னும் சிறிது. வீட்டில் முதியவர் இருப்பின் இன்றே அவர் குரலைப் பதிந்து கொள்ளுங்கள். பதிந்த அன்றே படியொன்றை வேறிடத்துக்கு அனுப்புங்கள்.

இரணைமடு என்னும் பெயரில் உள்ள 'இரணை' இரட்டை எனப் பொருள்படும். நம் மண்ணின் பெருங்குளத்தின் பெயரே நமக்கு ஒரு குறிப்பு. அருமையான எதனையும் இரணையாக வைப்போமாக. என் அன்னையாரின் 16 பதிவுகள், சிதைந்தனவும் முழுமையாயினவும், இப்பொழுது மூன்று இடங்களில் உள்ளன. எஞ்சிய ஏழையும் பாடத் தெரிந்தவர் முள்ளியவளைப் பக்கத்தில் எவரேனும் இருப்பின், அறிவித்தால் அவர் வீடு தேடி வருவேன்.